ஏறாத கோடு

என் பாட்டி பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் விலை ஏறிய ஒரு மாதம், கூலி ஏன் ஏறவில்லை என்று கிராணியிடம் கேட்டிருக்கிறார். "விலை இதைவிட மேல போனப்பவே இதே கூலிதான் கொடுத்தோம். இப்ப மட்டும் எப்படிம்மா கூட்டுறது?" என்றாராம் அவர். "அந்தாளு பேச்சுல தப்பே கண்டுபிடிக்க முடியலய்யா" என்று பாட்டி இன்றும் சொல்வார்.

கணிதம் படிக்கப் போன பிறகுதான் எனக்கு அது பிடிபட்டது. விலையையும் கூலியையும் சோடி சோடியாக எழுதுவோம். எந்த இரண்டு சோடியை எடுத்தாலும், விலை வித்தியாசத்தைக் கூலி வித்தியாசத்தால் பெருக்கினால் எதிர்மறை எண் வரக்கூடாது. அதாவது, விலை ஏறும்போது கூலி இறங்கக்கூடாது. இதுதான் ஓரியல்பு உறவு. இந்தக் கருத்தை ஜார்ஜ் மின்டி 1962-இல் விரிவாக ஆராய்ந்தார். விதி உடையாமல் இனி ஒரு சோடியைக்கூடச் சேர்க்க முடியாத நிலைக்கு வந்துவிட்டால் அந்த உறவு 'மீப்பெரு' ஆகிவிடுகிறது.

எந்த ஓரியல்பு உறவையும் மீப்பெருவாக நீட்டலாம் என்று 1935-இல் வந்த சோர்னின் துணைத்தேற்றத்தைக் கொண்டு நிறுவலாம். ஆனால் அது வழி காட்டாது, இருக்கிறது என்று மட்டும் சொல்லும். முடிவுறு பரிமாணத்தில், உறவு நேரியலாகவும் இருந்தால், நிலைமை எளிது. n பரிமாணத்தில் ஒன்றையொன்று சாராத n சோடிகள் இருந்தால் அது மீப்பெரு. k சோடிகள்தான் இருக்கின்றன என்றால் இன்னும் n−k சேர்க்க வேண்டும். கையாலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம்.

சிக்கல், எந்த நீட்சி என்பதில்தான். ஒரு பரிமாணத்தில் (0, 0) மட்டும் கையில் இருக்கிறது என்று வையுங்கள். அதாவது விலையும் மாறவில்லை, கூலியும் மாறவில்லை. அந்தப் புள்ளி வழியாக மேலேறும் எந்தக் கோடும் சரியான நீட்சி. விலை எவ்வளவு ஏறினாலும் கூலி அசையாத படுத்த கோடும் சரியான நீட்சிதான்! அதுவும் மீப்பெரு, அதிலும் முரண் இல்லை. அதைப் போட்ட பிறகு (1, 1) உள்ளே வர முடியாது. விலை 2 ஏறியபோது கூலி 0 என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. பெருக்கினால் −1 வரும். கிராணி சொன்னதும் இதே கணக்குதான்.

முரண்படாமல் பேசுபவரை நாம் நேர்மையானவர் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் முரணின்மை, கோடு போட்ட பிறகு வருபவர்களை மட்டுமே சோதிக்கிறது. கோட்டின் சாய்வைத் தீர்மானித்தவரை அது கேள்வி கேட்பதில்லை. பிற்காலத்தில் தொழிற்சங்க ஒப்பந்தங்கள் வெட்டுக்கூலியை ரப்பர் விலையோடு இணைத்தன. அந்தப் பேரம் முழுக்கச் சாய்வைப் பற்றியதுதான். நியாயமான புதிய சோடி ஒன்று உள்ளே வரவேண்டுமென்றால், சில நேரம் பழைய சோடியை அழித்தே ஆகவேண்டும்.

பாட்டியிடம் சொன்னேன்: "இந்த மாசம் ஏன் ஏறலன்னு கேட்டிருக்கக்கூடாது பாட்டி. அன்னைக்கு ஏன் ஏறலன்னு கேட்டிருக்கணும்."

"அன்னைக்குக் கேட்டிருந்தா பேரை வெட்டியிருப்பானுங்கய்யா" என்றார்.