நோயாளியின் சொல்லும் ஓர் அளவை

காண்டல், கருதல், உரை என உண்மையை அறியும் மூன்று வழிகளை, அதாவது அளவைகளை, தமிழ் மெய்யியல் நெடுங்காலமாகப் பேசி வந்திருக்கிறது. நவீன மருத்துவ ஆய்வு முதல் இரண்டை நம்பியே வளர்ந்தது. இரத்தத்தில் வைரஸின் அளவைக் காண்கிறது, புள்ளிவிவரத்தால் கருதி அறிகிறது. நோயாளியின் உரைக்கு மட்டும் கடைசி வரிசையில் இடம் தருகிறது. எச்.ஐ.வி. சிகிச்சையை மக்களிடம் சேர்க்கும் வழிகளை ஆராயும்போது நோயாளிகளையும் கூட்டாளிகளாக்க வேண்டும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். ஆனால் மரியாதைக்காகவும் மனிதநேயத்துக்காகவும் செய்யும் காரியமாகவே அதைச் சொல்கிறார்கள். அந்தக் காரணம் போதாது. அவர்கள் சொல்லைக் கேட்காத ஆய்வு, தான் தேடும் உண்மையையே தவறவிடும்.

மொசாம்பிக்கின் தேத்தே மாகாணத்தைப் பார்க்கலாம். அங்கே மருந்து இருந்தும், பலர் சிகிச்சையைப் பாதியில் விட்டனர். தடை எது என்று நோயாளிகள் சொன்னதைக் கொண்டு, 2008-இல் சுகாதாரத் துறையும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஒரு முறையைத் தொடங்கின. ஆறு பேர் வரை ஒரு குழுவாகச் சேர்வார்கள். மாதம் ஒருவர் மருத்துவமனைக்குப் போய் எல்லோருக்கும் மருந்து வாங்கி வருவார். தன் முறை வரும்போது அவர் தன் உடலையும் பரிசோதித்துக்கொள்வார். 2011-இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 1,300 பேரில் 97.5 சதவீதத்தினர் சிகிச்சையில் நீடித்தனர்; தொடர்பு விட்டுப்போனவர்கள் இருவர் மட்டுமே. நோயாளி மருந்தை விடுவது அவருடைய அலட்சியம் என்று வெளியிலிருந்து கருதுவது எளிது. மாதந்தோறும் மருத்துவமனைக்கு நெடுந்தூரம் நடப்பதும், ஒருநாள் கூலியை இழப்பதும் எந்த ஆய்வகக் கருவிக்கும் தெரியாது. நடந்தவருக்குத்தான் தெரியும்.

குழுவில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே உடல் தேறியவர்கள், ஒப்பிட வேறு பிரிவும் இல்லை என்று ஒரு மறுப்பு எழும். சரியான மறுப்புதான். நோயாளியின் சொல் சோதனைக்கு மாற்று என்று யாரும் சொல்லவில்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. இதைவிடக் கடுமையான மறுப்பு வாய்ஸ் என்ற ஆய்விலிருந்து வருகிறது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 5,029 பெண்களிடம் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்துகளைச் சோதித்தார்கள். தவறாமல் பயன்படுத்துவதாகவே பங்கேற்றவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்ன கணக்குப்படி பயன்பாடு சுமார் 90 சதவீதம். ஆனால் இரத்த மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் மருந்து தென்பட்டது. மருந்து பலன் தருவதாக நிறுவ முடியாமலே ஆய்வு முடிந்தது. பிறகு எப்படி உரையை நம்புவது?

நியாய சூத்திரத்துக்கு விளக்கவுரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதற்கு நல்ல விடை வைத்திருக்கிறார். பொருளை நேரில் அறிந்தவராகவும், அறிந்தபடியே சொல்ல விரும்புபவராகவும் இருப்பவரே அவருக்கு ஆப்தர், அதாவது நம்பத்தக்க சொல்லுக்குரியவர். ரிஷி, ஆரியர், மிலேச்சர் யாவருக்கும் இந்த இலக்கணம் பொதுவென்கிறார். வருணப் பெருமை பேசிய காலத்தில் இது சாதாரணத் துணிவல்ல. இதில் இரண்டாவது நிபந்தனையே இங்கு முக்கியம். வாய்ஸ் ஆய்வு முடிந்த பின், பரிசோதனை முடிவுகளை முன்னால் வைத்துக் கடிந்துகொள்ளாமல் கேட்டபோது, அந்தப் பெண்கள் பலர் மனம் திறந்தார்கள். பக்கவிளைவு பற்றிய அச்சம், மாத்திரையைக் கண்டால் தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பதாகப் பிறர் நினைப்பார்களோ என்ற கலக்கம், சக பெண்களின் பேச்சு என்று காரணங்கள் வந்தன. மருந்து எவ்வளவு உள்ளே போனது என்பதில் இரத்தமே சாட்சி. ஏன் போகவில்லை என்பதை அந்தப் பெண்களைத் தவிர வேறு யார் சொல்ல முடியும்? முதலில் உண்மை வராமல் போனதற்கு, உண்மை சொன்னால் என்ன ஆகுமோ என்று அஞ்சவைத்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு.

கேள்வியை எழுதி முடித்துவிட்டு, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்க மட்டும் நோயாளிகளை அழைப்பது கூட்டாய்வு ஆகாது. ஆய்வுத் திட்டம் தங்கள் மேசைக்கு வரும்போது, இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டு உருவாக்கினீர்கள் என்று நெறிமுறைக் குழுக்கள் முதலில் விசாரிக்க வேண்டும். பதில் இல்லையென்றால் திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.