இரசிகனின் ஏமாற்றம்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன் வாழ்நாளில் அடையும் ஏமாற்றங்களுள் மிகச் சிறியதாகக் கருதப்படுவது, நெடுநாள் நேசித்த ஒரு கலைப்படைப்பின் தொடர்ச்சி தன் மனத்துக்கு நிறைவு தராதவிடத்து அவன் அடையும் ஏமாற்றமாகும். நுழைவுச்சீட்டின் விலை போயிற்று, மூன்று மணி நேரம் போயிற்று, வேறென்ன இழந்தான் என்று உலகோர் வினவுவர். வினா எளிதாகத் தோன்றினும் விடை எளிதன்று. இரசிகனுக்கு உண்மையில் ஏதேனும் அநீதி இழைக்கப்பட்டதா? அவனிடம் யாரேனும் வாக்குத் தவறினரா? தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகக் கூறுதல் அவனது கடமையா, அன்றி அன்புக்குச் செய்யும் துரோகமா? இவ்வினாக்கள் திரைப்பட விமர்சனத்தின் எல்லையைக் கடந்து அறவியலின் எல்லைக்குள் வந்து நிற்பன.

இதனை ஆராய்வதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று உண்டு. சங்கரின் இயக்கத்தில் கமல்ஹாசன் இரு வேடங்களில் நடித்த ‘இந்தியன்’ 1996 இல் வெளியாயிற்று. நேதாஜியின் படையில் பணியாற்றிய முதியவர் சேனாபதி, கையூட்டு வாங்குவோரைக் கொன்றொழிக்கும் கதை அது. அதன் இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பு 2019 இல் தொடங்கியது. 2020 இல் படப்பிடிப்புத் தளத்தில் நேர்ந்த விபத்தில் மூவர் உயிரிழந்தனர். நோய்த்தொற்றுக் காலமும் வழக்குகளும் இடையில் வந்தன. ஈற்றில் 2024 ஜூலை 12 ஆந் திகதி, முதற்படம் வெளிவந்து 28 ஆண்டுகள் கழிந்த பின்னர், ‘இந்தியன் 2’ திரைக்கு வந்தது. முதற்படத்தை நேசித்தோருட் பெரும்பாலோர் அதனைக் கண்டு மனம் நொந்தனர். படம் நீண்டுவிட்டதென்ற குறை எழவே, வெளியான சில நாள்களுக்குள் அதன் ஒரு பகுதி வெட்டிக் குறைக்கப்பட்டது.

இப்படத்தைக் கண்ட இரசிகர் பலருள், நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்து வளர்ந்த ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1996 இல் அவனுக்கு வயது பதினைந்து. ஹட்டன் நகருக்குச் சென்றோ, லயத்தில் அயலார் ஒருவர் வாடகைக்குக் கொணர்ந்த வீடியோ டெக்கின் முன் இருபது பேரோடு நெருங்கி அமர்ந்தோ முதற்படத்தை அவன் பார்த்திருப்பான். அவனுக்கு அப்படம் வெறும் பொழுதுபோக்காக அமைந்திராது. அதற்குக் காரணம் வரலாற்றிலே உள்ளது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் வழியில் வந்தவன் அவன். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை எண்ணிக்கை வகையால் இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. 2003 இன் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, குடியுரிமைப் பத்திரம் என ஒரு தாளுக்காகவும் அத்தாளின் அடியில் இடப்படும் ஒரு கையொப்பத்துக்காகவும் தலைமுறை தலைமுறையாக அலுவலக வாசல்களிற் காத்து நின்றவர்கள் அம்மக்கள்.

அத்தகையோர்க்கு, ஒரு கையொப்பத்துக்கு விலை கேட்பவன் கொலைகாரனுக்கு நிகரானவன் என்று கூறும் கதை எத்துணை நெருக்கமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. முதற்படத்திலே, கையூட்டுக் கொடுக்க மறுத்தமையால் மருத்துவம் கிடைக்காது சேனாபதியின் மகள் இறக்கிறாள். இலஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதுற்ற பஸ் வண்டிக்குத் தகுதிச் சான்று வழங்கியவன் அவரது மகனே. அவ்வண்டி விபத்துக்குள்ளாகிப் பிள்ளைகள் மாண்டபோது, தந்தை அம்மகனைத் தம் கையாலேயே கொல்கிறார். குடிசன மதிப்பீட்டு ஏடுகளில் நெடுங்காலம் ‘இந்தியத் தமிழர்’ என்றே பதியப்பட்டு, அப்பெயரின் பொருட்டே அந்நியராக நோக்கப்பட்ட ஒரு சமூகத்தின் சிறுவன், ‘இந்தியன்’ என்ற சொல் நேர்மையின் பெயராக ஒலிப்பதை அங்கேதான் கேட்டான். படத்தை ஆக்கியோர் இதனை எண்ணியிருக்க மாட்டார்கள். ஆயினும் கலைப்படைப்பு தன்னை ஆக்கியோர் எண்ணாத இடங்களிலும் சென்று வேர்கொள்ளும் இயல்பினது.

அச்சிறுவன் 43 வயதினனாகி இரண்டாம் படத்தைப் பார்க்கின்றான். அவன் கண்டது யாது? முதற்படத்தில் அநீதி அலுவலக மேசையின் மறுபக்கத்திலேயே இருந்தது. இரண்டாம் படத்திலோ அது பெரிதும் கோடீசுவரர்களின் பொன்மயமான மாளிகைகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. முதற்படத்தில் தண்டனைக்கு முன் துயரம் காட்டப்பட்டது. இரண்டாம் படத்தில் துயருற்றோரின் முகம் தெளிவதற்கு முன்னரே தண்டனை வந்துவிடுகிறது. நூறு வயதைக் கடந்த முதியவர் ஒருவர் பலரை எதிர்த்துப் போரிடுவதை அவன் மன்னித்திருப்பான். தன்னைப் போன்றோரின் வலி அங்கே இல்லாதிருப்பதையே அவனால் மன்னிக்க இயலவில்லை.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். அதே ஆண்டு மே மாதம் முதலாந் திகதி கொட்டகலையில் நடைபெற்ற மேதினக் கூட்டத்தில், தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாவாக உயர்த்தப்படும் என அன்றைய சனாதிபதி அறிவித்தார். பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. ஜூலை 4 இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சம்பள உயர்வு தடையுற்ற எட்டாம் நாள் ஒரு திரைப்படம் வெளியாக, அதற்காக ஒருவன் வருந்துவது நகைப்புக்குரியதன்றோ என்பதே அவ்வாதம்.

இவ்விரு ஏமாற்றங்களும் ஒன்றல்ல என்பது உண்மையே. சம்பளத்தைப் பொறுத்தவரை அங்கே ஒரு வாக்கு இருந்தது. அதனைப் பெறுதற்கு உழைப்பு என்ற உரிமையும் இருந்தது. கொழுந்து பறித்தவளுக்கு அது கடன். திரைப்படத்தைப் பொறுத்தவரை அத்தகைய கடன் இல்லை. படைப்பாளி இரசிகனின் கூலியாள் அல்லன். சேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளனை 1893 இல் கதையிலே சாகவைத்த கொனன் டொயில், வாசகர் வருந்தினர் என்பதனால் அறம் பிழைத்தவராகிவிடவில்லை. விரும்பியதைப் பெறும் உரிமை இரசிகனுக்கில்லை.

ஆயினும் உரிமை இல்லாத இடத்தில் அறமே இல்லை என்று முடிவு செய்தல் தவறாகும். நட்பிலே ஒப்பந்தம் இல்லை. எனினும் நட்பிலே பிழை செய்யலாம். விருந்துக்கு அழைத்தவன் இன்ன கறி தருவேன் என்று வாக்களிப்பதில்லை. எனினும் அக்கறையின்றிச் சமைத்ததைப் படைத்தால் வந்தவன் புண்படுகிறான். ‘இந்தியன்’ படத்தின் இறுதியிலே, வெளிநாடொன்றிலிருந்து தொலைபேசியிற் பேசும் சேனாபதி, தேவைப்படும்போது மீண்டும் வருவதாகக் கூறுவார். அச்சொல்லை இரசிகன் 28 ஆண்டுகள் காத்து வைத்திருந்தான். அவ்வளவு காலம் காக்கப்பட்ட ஒன்றை மீண்டும் கையிலெடுப்பவருக்கு, அதனை வெற்றிபெறச் செய்யவேண்டும் என்ற கடமை இல்லை. அதனைப் பொறுப்புடன் கையாளவேண்டும் என்ற கடமை உண்டு. வெற்றி திறமையையும் சூழலையும் பொறுத்தது. பொறுப்பு மனத்தைப் பொறுத்தது. இரண்டாம் பாகத்தின் இறுதியிலேயே மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்தைக் காட்டியமை, நிறைவைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்து எதிர்பார்ப்பையே மீண்டும் விற்பதாகப் பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

பொறுப்புள்ள தொடர்ச்சி எவ்வாறிருக்கும் என்பதற்குத் தமிழ் இலக்கியத்திலேயே சான்று உண்டு. சிலப்பதிகாரத்தையும் மணிமேகலையையும் இரட்டைக் காப்பியங்கள் என்பர். கண்ணகி நீதி கேட்டு நகரை எரித்தாள். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மணிமேகலையோ அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்குச் சோறிட்டாள். சாத்தனார் கண்ணகியின் சினத்தை மீண்டுமொருமுறை மூட்டிக் காட்டவில்லை. அதற்கு மாறாக, வஞ்சி நகரிலே தெய்வமாக நிற்கும் கண்ணகியின் வாயாலேயே, மதுரையை எரித்த வினையின் பயன் தன்னைத் தொடரும் என்று பேசவைக்கிறார். முன்னைக் காப்பியத்தின் உச்சத்தையே பின்னைக் காப்பியம் கேள்விக்குள்ளாக்குகிறது. அது நிந்தனையன்று, முன்னையதை மெய்யென ஏற்றுக்கொண்டவரே செய்யக்கூடிய விசாரணை. ஸ்பானிய மொழியில் செர்வாண்டிஸ் எழுதிய ‘டொன் கிஹோட்டே’யின் முதற்பாகம் 1605 இலும் இரண்டாம் பாகம் 1615 இலும் வெளிவந்தன. முதற்பாகத்தைப் படித்தவர்களே இரண்டாம் பாகத்திற் கதைமாந்தராக வந்து வீரனை எதிர்கொள்கின்றனர். ஒரே தலைவனைப் பற்றியது என்பதனால் மட்டும் கதை ஒருமை பெறுவதில்லை என அரிஸ்டோட்டில் கூறியதும் இங்கே நினைக்கத்தக்கது. அதே பெயரும் அதே ஒப்பனையும் திரும்பி வரலாம். அவை மட்டும் ஒரு தொடர்ச்சியை ஆக்கிவிடா.

‘இந்தியன் 2’ இல் இத்தகைய விசாரணைக்கு ஒரு வித்து இருந்தது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். அதிலே இளைஞர்கள் சேனாபதியைத் திரும்பி வருமாறு அழைக்கின்றனர். வந்தவர், முதலில் அவரவர் வீட்டைத் தூய்மை செய்யுங்கள் என்கிறார். ஓர் இளைஞன் அவ்வாறே தன் தந்தையின் ஊழலை வெளிப்படுத்த, அவனது தாய் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். வருக என்று அழைத்தவர்களே போய்விடு என்று கூச்சலிடுகின்றனர். அறத்தின் விலையைச் செலுத்துபவர் யார் என்னும் மெய்யான வினா அங்கே தோன்றுகிறது. அதனைப் பின்தொடர்ந்திருப்பின் படம் வேறாக அமைந்திருக்கும். வினாவை எழுப்பிவிட்டுத் துரத்தலுக்கும் சண்டைக்கும் திரும்பியமையே அதன் பெருங்குறை எனலாம்.

இனி இரசிகனின் கடமை யாது? இரு எளிய வழிகள் அவன் முன் உள்ளன. ஒன்று, அன்பின் பெயரால் மௌனமாயிருத்தல். படம் நன்றென்று தனக்கே பொய் கூறுதல். மற்றொன்று, வெறுப்பிற் சென்று முதற்படத்தையும் சேர்த்துத் தூற்றுதல். இவ்விரண்டும் முதற்படம் கற்பித்ததற்கு மாறானவை. மகன் என்பதற்காகக் குற்றத்தை மறைக்கலாகாது என்பதன்றோ சேனாபதியின் கொள்கை? அவரது கொலைகளை ஒருவர் ஏற்காதுவிடலாம், ஏற்காதிருத்தலே தகும். எனினும் பற்று நீதியை வளைக்கக்கூடாது என்னும் கருத்து அக்கொலைகளைச் சார்ந்து நிற்பதன்று. ஆகவே, ‘இப்படம் நன்றாக இல்லை’ என்று வருத்தத்துடன் கூறும் இரசிகன் முதற்படத்துக்குத் துரோகம் செய்யவில்லை. அது தந்த அளவுகோலையே கையிலெடுத்து அளக்கிறான். நண்பன் தவறுமிடத்து அவனைக் கண்டித்துரைத்தலும் நட்பின் கடமையென வள்ளுவர் கொண்டமையும் இதற்கு அரணாகும்.

ஆனால் அளப்பவன் தன்னையும் அளந்துகொள்ளல் வேண்டும். அவனது ஏமாற்றத்துள் மூன்று இழைகள் பின்னிக் கிடக்கின்றன. முதலாவது படத்தின் குறை. அதற்குப் படைப்பாளர் பொறுப்பு. இரண்டாவது அவனது இளமையின் மறைவு. பதினைந்து வயதின் இரவையும், டெக்கின் முன் நெருங்கி அமர்ந்த இருபது பேரையும், அவர்களுள் இன்று இல்லாதவர்களையும் எந்த இயக்குநராலும் மீட்டுத் தர இயலாது. அதற்கான பழியைப் படத்தின் மேற் சுமத்துவது அநீதி. மூன்றாவது இழையே மிகவும் ஆழமானது. யாரோ ஒருவர் வருவார், வந்து எல்லாவற்றையும் சீர்செய்வார் என்ற காத்திருப்பு அது. கண்டியிற் பிறந்த எம்.ஜி.ஆர். நாட்கள் தொட்டே மலையகத்தின் லயங்கள் திரைநாயகர்களுக்காகக் காத்திருந்தன. மேடைகளில் அறிவிக்கப்படும் தொகைகளுக்காகவும் காத்திருந்தன.

அக்காத்திருப்பை எந்த நல்ல படமும் நிறைவு செய்திருக்க முடியாது. மிகச் சிறந்த இரண்டாம் பாகம் ஒன்று வந்திருந்தால், காத்திருப்பு இன்னுமொரு தலைமுறைக்கு இனிமையாக நீண்டிருக்கவும் கூடும். இவ்வகையில் நோக்குமிடத்து, திரையரங்கைவிட்டு வெளியேறும் மனிதன் இழந்தவற்றுள் இழக்கவேண்டிய ஒன்றும் அடங்கியிருந்தது என்பது புலனாகும். அவனது மகளோ மகனோ நாளை ஒரு சான்றிதழுக்காக அலுவலகம் ஒன்றின் வாசலில் நிற்கும்போது, உடன் சென்று, உரிய கட்டணத்துக்கு மேல் ஒரு சதமும் கொடாது, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி வருவது அவனால் இயலும். அது மூன்று மணி நேரக் காட்சியன்று; அரை நாட்சம்பளத்தை இழக்கச் செய்யும் அலைச்சல். எனினும் முதற்படம் அவனுக்குக் கற்பித்தது அதுவே. இரண்டாம் படம் நன்றாக அமையாமையால் அப்பாடம் பொய்த்துப் போய்விடவில்லை.