பிறர் பெயரிற் பேசுதல்

எழுத்தறிந்தோர் தொகை குறைவாயிருந்த காலத்திலே கச்சேரிகளின் அயலில் மனு எழுதுவோர் சிறுமேசையிட்டு அமர்ந்திருந்தனர். தீவகத்திலிருந்து கடல் கடந்து வந்த ஒரு விதவை தன் குறையைச் சொல்ல, அவர்கள் அதனை 'நான்' என்னும் தன்மையிடத்தில் எழுதிக் கொடுத்தனர். அவள் வாழ்நாளில் ஒருபோதும் பேசியிராத சொற்கள் அம்மனுவில் நிறைந்திருந்தன. எனினும் அதனைப் பொய்யென்று எவரும் கருதவில்லை. வாசித்துக் காட்டிய பின்னரே அவள் பெருவிரல் அடையாளம் இட்டாள். மனுவைப் பெற்ற அதிகாரியும் சொல் எவருடையது, துன்பம் எவருடையது என்பதை நன்கறிந்திருந்தார். பிறர் பெயரிற் பேசுதல் தன்னளவிற் குற்றமுடையதன்று என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாகும்.

சமூக ஊடகப் பக்கங்களை ஊதியத்துக்கு நடத்திக் கொடுக்கும் இன்றைய தொழிலையும் இப்பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். நெடுந்தீவில் நான்கு அறைகள் கொண்ட தங்குமனை ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் பயணஞ்செய்து, பெருக்கமரத்தையும் பவளக்கல் வேலிகளையும் ஒல்லாந்தர் காலக் கட்டட எச்சங்களையும் கட்டாக்காலிக் குதிரைகளையும் காண வருவோரை நம்பியே அதன் உரிமையாளர் வாழ்கிறார். சமையலும் வரவேற்பும் அவருடைய பகற்பொழுதை முற்றாக விழுங்கிவிடுகின்றன. ஆகவே பேஸ்புக், இன்ஸ்டகிராம் பக்கங்களை ரொறன்ரோவிலுள்ள ஓர் இளைஞரிடம் ஒப்படைத்து, மாதந்தோறும் பணம் கொடுக்கிறார். "எங்கள் முற்றத்து வேப்பமர நிழலுக்கு வாருங்கள்" என்று அவ்விளைஞர் எழுதுகிறார். அம்முற்றத்தை அவர் மிதித்ததேயில்லை. ஆயினும் வேம்பு அங்கே உண்டு. உரிமையாளர் அழைப்பதும் உண்மை. மனு எழுதியவரின் மரபிலேயே அவரும் நிற்கிறார் எனலாம்.

சிக்கல் பின்னரே தோன்றுகிறது. அறைகள் வெறுமையாகக் கிடக்க, உரிமையாளர் முறையிடுகிறார். இளைஞர் பத்துப் பெயர்களிற் பத்துக் கணக்குகளைத் திறக்கிறார். "குடும்பத்துடன் இரண்டு இரவுகள் தங்கினோம், இத்தகைய உபசரிப்பை எங்கும் கண்டதில்லை" என ஒவ்வொன்றிலும் எழுதி, ஐந்து நட்சத்திரங்களும் இடுகிறார். முன்னைய அழைப்புக்கும் இதற்கும் இடையிலான வேறுபாடு அளவு பற்றியதன்று, இனம் பற்றியது. நியாயவாதி தம் கட்சிக்காரருக்காக எத்துணை உருக்கமாகவும் வாதாடலாம். அவர் ஒரு பக்கத்தவர் என்பதை நீதிபதி அறிவார். அதற்கேற்பவே அவர் சொல்லை எடை போடுவார். ஆனால் அதே நியாயவாதி வேறொரு பெயரைச் சூடிச் சாட்சிக்கூட்டில் ஏறுவாராயின், வழக்கே பழுதாகிவிடும். பயணி அழைப்பை வாதமாகவும் மதிப்புரையைச் சாட்சியமாகவும் வாசிக்கிறான். இந்தப் பகுப்பை அழிப்பதற்கே அங்கே கூலி கொடுக்கப்படுகிறது.

இத்தொழிலிலுள்ளோர் வள்ளுவரைத் துணைக்கழைத்தல் கூடும். குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யும் வாய்மையின்பாற் படும் என்று அவர் கூறவில்லையா? போரினால் நலிந்த தீவில் ஒரு குடும்பம் பிழைப்பது நன்மையன்றோ? வினாவில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் வள்ளுவர் நன்மை என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. அது குற்றம் நீங்கியதாகவும் இருத்தல் வேண்டும் என்றார். பொய்ச் சாட்சி எழுதாத அயல் தங்குமனைக்காரர் ஒருவர் இருக்கிறார். இங்கு நிறைந்த அறை அங்கு வெறுமையான அறையாகும். அவருடைய இழப்பைக் கணக்கிற் சேர்க்காமல் நன்மையை அளத்தல் முறையன்று.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இலங்கையுடன் தொடர்புடைய பெரிய உதாரணம் ஒன்றுண்டு. 2011 டிசெம்பரில், லண்டனிலுள்ள பெல் பொட்டிஞ்சர் என்னும் மக்கள் தொடர்பு நிறுவனத்தின் அதிகாரிகளை, வாடிக்கையாளர் போல நடித்துச் சென்ற பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தினர். 2010 இல் இலங்கை ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச ஐக்கிய நாடுகள் சபையில் ஆற்றிய உரையைத் தாமே எழுதியதாக அவ்வதிகாரிகள் பெருமை பேசியிருந்தனர். எழுதிக் கொடுத்ததில் உள்ள குற்றம் ஒப்பளவிற் சிறிதே. உரையை ஜனாதிபதி உலகறியத் தம் வாயால் வாசித்தார், அதன் பொருளுக்கும் அவரே பொறுப்பாளி. விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தம் அடையாளம் மறைத்துத் திருத்தியதே பாரதூரமானது. அங்கே வாதி சாட்சியின் உடையை அணிந்திருந்தார். தென்னாபிரிக்காவில் குப்தா குடும்பத்துக்காக இன முரண்பாட்டைத் தூண்டக்கூடிய பிரசாரம் நடத்தியமைக்காக 2017 செப்ரெம்பரில் மக்கள் தொடர்புத் தொழில்துறையின் சங்கம் அந்நிறுவனத்தை வெளியேற்றியது; அதே மாதத்திலேயே அது நொடித்தது.

ஐக்கிய அமெரிக்காவில் போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் விதி 2024 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் 2024 ஆம் ஆண்டு நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பொய்க் கூற்றுகளைப் பற்றி நிறையவே பேசுகின்றது. அதற்கு அஞ்ச வேண்டியோர் தங்குமனைக்காரரைவிட அரசை விமர்சிப்போரே என்ற ஐயம் பலருக்குண்டு.

பொய் கூறாத பக்கத்திலும் மற்றொரு கேள்வி எஞ்சுகின்றது. வறட்சியில் நெடுந்தீவுக் குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகளை ஒரு விளம்பரப் பக்கம் கூறியே தீரவேண்டும் என்பதில்லை. மௌனம் எல்லாம் பொய்யாகாது. ஆனால் பிறர் பெயரை ஏற்றவர் அப்பெயருக்குரியவரின் மௌனம் எங்கே தொடங்குகிறது என்பதையாவது அறிந்திருத்தல் வேண்டும். மனு எழுதியவர் முன்னே அவ்விதவை அமர்ந்திருந்தாள். அவள் முகத்தை அவர் கண்டார். ரொறன்ரோ இளைஞர் காண்பது திரையிலுள்ள நாட்காட்டியை மட்டுமே. ஒரு மாதத்துக்குரிய பதிவுகளை ஒரே நாளில் எழுதி, தாமாக வெளிவரும்படி நேரம் குறித்துவிடுகிறார். 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து நயினாதீவு நோக்கிச் சென்ற குமுதினிப் படகு கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் தீவார் விளக்கேற்றுகின்றனர். அன்று காலை, விளக்கேற்றச் சென்ற உரிமையாளரின் பெயரில், அலையிற் சிரிக்கும் இளஞ்சோடியின் படத்துடன் "மறக்கமுடியாத படகுப் பயணத்துக்குத் தயாரா?" என்னும் பதிவு வெளிவருமாயின், அதில் ஒரு சொல்லேனும் பொய்யில்லை. அதன் கீழ் அயலார் எழுதும் கேள்வி உரிமையாளரை நோக்கியதாகவே இருக்கும். அதனை முதலில் வாசிக்கப் போகிறவரோ, அக்கேள்வி எதனைப் பற்றியது என்றே அறியாதவர்.