காணாத இடத்துக் கடமை

ஒருவர் கண்ணும் படாத இடத்தில் ஒரு வேலையைச் செம்மையாகச் செய்ய வேண்டுமா? வேண்டுமென்றே எல்லோரும் சொல்லுவர். ஏன் வேண்டுமெனின், பலரும் தடுமாறுவர். ‘பிறர் கண்டுபிடித்துவிடுவர்’ என்பது ஒரு விடை. ‘தண்டனை வரும்’ என்பது மற்றொரு விடை. இவ்விரண்டும் அச்சத்தின் விடைகளேயன்றி அறத்தின் விடைகளல்ல. யாரும் கண்டுபிடியார், எத்தண்டனையும் வாராது என்று உறுதியான இடத்தில் அக்கடமை என்னாகும்? அங்கேயும் அது நிற்குமாயின் எதன்மேல் நிற்கிறது? இதனை வெறுஞ்சொற்களால் ஆராய்வதினும், ஒரு கைத்தொழிலின்மேல் வைத்து ஆராய்தல் நலம். மிகச் சிறிய பொருளொன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சினில்லாத விமானத்தின் வயிற்றுப் புறத்திலுள்ள சக்கரக் கதவே அது.

கிளைடர் எனப்படும் சறுக்கு விமானம் காற்றையே நம்பிப் பறப்பது. ஜெர்மனி தேசத்து ஓட்டோ லிலியெந்தால் என்பவர் 1891-ஆம் ஆண்டு தொடங்கி இத்தகைய கருவிகளில் ஏறத்தாழ 2,000 முறை பறந்தார். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறு பறக்கையிலேயே வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். முதல் உலகப் போருக்குப் பின் எஞ்சின் விமானங்களுக்குத் தடைகள் வந்தபோது, ஜெர்மானிய இளைஞர்கள் வாசர்குப்பே என்னும் மலையிலே கூடி 1920-இல் சறுக்கு விமானப் போட்டியைத் தொடங்கினர். அக்காலத்து விமானங்கள் மரத்தாலும் துணியாலும் ஆனவை. 1957-இல் ஸ்டுட்கார்ட் நகரத்திலே உருவான ‘பீனிக்ஸ்’ என்னும் விமானம் கண்ணாடி இழையையும் பிசினையும் கொண்டு கட்டப்பட்டது. அதன் பின்னர் வழவழப்பான வெண்ணிற விமானங்கள் பெருகின. 1972-ஆம் ஆண்டு ஹான்ஸ் வெர்னர் குரோசே என்பவர் ஜெர்மனியின் லூபெக்கிலிருந்து பிரான்சு தேசத்துப் பியாரிட்ஸ் வரையில், எஞ்சின் இன்றியே, சுமார் 1,460 கிலோமீட்டர் தூரம் ஒரே பகலிற் பறந்து சென்றார்.

இத்தகைய விமானத்துக்குக் காற்றின் தடையே பெரும்பகை. வெளியே தொங்கும் சக்கரம் காற்றைக் கலக்கித் தடையை மிகுவிக்கும். ஆதலின் மேலெழுந்தவுடன் விமானி ஒரு கைப்பிடியை இழுத்துச் சக்கரத்தை உள்ளே மடக்கிவிடுகிறார். அவ்வழியை இரண்டு மெல்லிய கதவுகள் மூடிக்கொள்கின்றன. இறங்குமுன் கைப்பிடியைத் திருப்பித் தள்ளினால், கதவுகள் விலகச் சக்கரம் வெளிவரும். கதவுகளை இயக்குவன சில வகைகளிற் சிறு கம்பிகள், சில வகைகளிற் கயிறும் சுருள்வில்லும். எப்படியாயினும் சக்கரமும் கதவும் ஒன்றற்கொன்று இடைஞ்சலின்றி இயங்க வேண்டும்.

இக்கதவுகள் எளிதிலே பழுதாவன. கரடான வயலில் இறங்கும்போது மண்கட்டியும் புல்லின் தாளும் மோதுகின்றன, ஓரம் பிளக்கிறது, கீல் பிடித்திருக்கும் இடத்தில் இழை கிழிகிறது. இதனைச் செப்பனிட இருவழிகள் உண்டு.

முதல் வழி எளிது. பிளவின்மேல் நிரப்புக் களிம்பை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வெண்பூச்சுப் பூசிவிட்டால் தீர்ந்தது. பார்ப்பவர் கண்ணுக்குக் கதவு புதியதுபோலத் தோன்றும். ஆனால் களிம்புக்கு இழையின் வலிமை கிடையாது. சில முறை திறந்து மூடியவுடன் உள்ளே பிளவு வளரத் தொடங்கும்.

இரண்டாம் வழி நீண்டது. பூச்சைச் சுரண்டி, கெட்ட இழையை முழுவதும் நீக்கி, நல்ல பகுதியின் விளிம்பைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். அச்சரிவின்மேலேதான் புதிய இழை பழைய இழையோடு ஒன்றிப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். பழைய நெசவு எத்திசையில் ஓடிற்றோ அத்திசையிலேயே புதிய துணியையும் படிய வைத்தல் வேண்டும். பிசினையும் அதை இறுகச் செய்யும் மருந்தையும் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். இத்தொழிலிற் பெரிதும் வழங்கும் ஒருவகைப் பிசினில், எடைக்கு எடை 100 பங்குக்கு 40 பங்கு மருந்து. விரைவில் இறுகட்டும் என்று மருந்தைக் கூட்டினால் பிசின் வலிமை குன்றும். கையேட்டிற் குறித்த வெப்பத்தில், குறித்த நேரம் காத்திருக்க வேண்டும். பின்னர்க் கீலைப் பொருத்தி, விமானத்தைத் தாங்கியின்மேல் உயர்த்திவைத்து, சக்கரத்தைப் பலமுறை மடக்கியும் நீட்டியும் பார்க்க வேண்டும். எங்கும் உராய்தல் கூடாது. எங்கும் இடைவெளி மிகுதல் கூடாது.

இவ்விரண்டு கதவுகளையும் அருகருகே வைத்தால் வேற்றுமை தெரியாது. நம் கேள்வி இங்கேதான் கூர்மையடைகிறது.

‘மேற்பார்வையாளர் சோதித்துக் கையெழுத்திடுகிறாரே, அது போதாதா?’ என்பார் உளர். சோதனை வேண்டியதே. அனுபவமுள்ளவர் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தே, கணீரென்ற ஒலிக்கும் மந்தமான ஒலிக்கும் வேற்றுமை கண்டு, உள்ளே படலம் பிரிந்திருப்பதை அறிவார். ஆயினும் பிசின் சரியாக நிறுக்கப்பட்டதா, விளிம்பு போதிய சரிவோடு தேய்க்கப்பட்டதா என்பவற்றைப் பூச்சு உலர்ந்த பின் எந்த நாணயம் சொல்லும்? சோதனை எவ்வளவு கடுமையாயினும் ஒரு படலத்துக்குமேல் உட்புக மாட்டாது. அதற்கப்பால் உள்ளது செய்தவன் ஒருவனுக்கே தெரியும். ஆகவே சட்டம் முடியுமிடத்தில் மனச்சாட்சி தொடங்குகிறது என்று சொல்வதும் குறைவே. சட்டமே அம்மனச்சாட்சியை நம்பித்தான் கையெழுத்திடுகிறது.

‘சிறகா ஒடிந்தது? கதவுதானே!’ என்பது மற்றொரு தடை. உண்மைதான்; கதவு விமானத்தைத் தாங்குவதன்று. ஆனால் கோணிப்போன கதவு சிக்கிக்கொண்டால் சக்கரம் வெளிவராது. சறுக்கு விமானி தரைக்கு மிக அருகிலே, ஏறக்குறையப் படுத்த நிலையில் அமர்ந்திருப்பவர். சக்கரமும் அதன் தாங்கு உறுப்புக்களும் ஏற்க வேண்டிய அதிர்ச்சியை, கடுமையாக இறங்கும்போது அவர் முதுகெலும்பு ஏற்க நேரிடும். சிறிய பொருள் என்று நாம் சொல்லுவது அதன் அளவை நோக்கியே. அதனைச் சார்ந்திருப்பது சிறியதன்று.

இனி, எதிர்த்திசையிலுள்ள மயக்கமும் ஒன்றுண்டு. ‘நான் மிக நேர்மையானவன், இரண்டு படலம் வேண்டியவிடத்தில் ஆறு படலம் வைப்பேன்’ என்று ஒருவன் முயன்றால், கதவு கனத்துத் தடித்துத் தன் இடத்தில் பொருந்தாது போகும். தேவைக்கு மிஞ்சிய உழைப்பு தன் பெருமைக்குச் செய்யும் உழைப்பு, பொருளுக்குச் செய்வதன்று. நேர்மை என்பது மிகுதியன்று, பொருத்தமே.

அங்ஙனமாயின் அரைகுறை வேலை எப்போதும் பாவமா? அன்று. பொருளில்லாமை, காலமில்லாமை, திறமில்லாமை ஆகியவை யாருக்கும் நேரும். ‘இக்கதவை என்னாற் சரியாகச் செப்பனிட முடியாது, புதிது செய்வித்துக்கொள்ளுங்கள், அதுவரை பறக்க வேண்டாம்’ என்று சொல்லுகிறவன் ஒரு வேலையும் செய்யவில்லை, ஆனால் அவன் குற்றமற்றவன். களிம்பு அப்பிப் பூச்சுப் பூசியவனோ பகல் முழுதும் உழைத்தவன். ஆனால் அவன் குற்றவாளி. குற்றம் குறையில் இல்லை; குறையை மறைத்ததில் இருக்கிறது. பூச்சு என்பது வெறும் நிறமன்று. அது செப்பனிட்டவன் பேசும் பேச்சு. ‘இதன் உள்ளே நலம்’ என்று அது சொல்லுகிறது. உள்ளே நலமில்லையாயின், வாய் திறவாமலே அவன் கை பொய் சொல்லிற்று.

அப்பொய் யாரிடம் சொல்லப்பட்டது? கூலி கொடுத்த சொந்தக்காரரிடம் மட்டுமன்று. கண்ணாடி இழை விமானங்கள் நெடுநாள் வாழ்வன. அரை நூற்றாண்டுக்கு முன் கட்டப்பட்டவை பல இன்றும் பறக்கின்றன. அவை கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. இன்று பிசின் கலப்பவன் ஒருபோதும் காணாத ஒருவர், ஒருவேளை இன்னும் பிறவாத ஒருவர், அக்கைப்பிடியை ஒருநாள் தள்ளுவார். அவர் கதவைப் பிரித்துப் பார்க்க மாட்டார், பார்க்கவும் இயலாது. நம்புவதன்றி அவருக்கு வேறு வழியில்லை. தேடிய கடமைக்கு அடிப்படை இதுவே என்பது என் துணிபு. தன்னைச் சோதிக்க முடியாதவன் நம்பிக்கை, சோதிக்கக்கூடியவன் அதிகாரத்திலும் மேலானதொரு கட்டளை. அதிகாரி ஏமாந்தால் கேட்க வருவான். நம்பியவன் ஏமாந்தால் கேட்க வரமாட்டான், வரவும் முடியாமற் போகலாம். எனவே காணாத இடத்திலே கடமை குறைவதில்லை. அங்கேதான் அது முழுமையடைகிறது.

பேனா பிடித்துப் பிழைக்கும் என் போன்றார்க்கும் இது பொருந்தும். பேரேட்டின் அடியிலிடும் கையெழுத்து மேலுள்ள எண்களெல்லாம் மெய்யென்று சொல்லும் வாக்கு. அவ்வெண்களைக் கூட்டிப் பாராமலே தம் கூலியை வாங்கிச் செல்வோர் பலர். கிணற்றுக்குச் சுவர் எழுப்புகிறவர்க்கும், மின்கம்பியைச் சுவரினுள் மறைக்கிறவர்க்கும், மருந்து கலந்து சீசாவில் அடைக்கிறவர்க்கும் இதுவே நிலை. ஒவ்வொருவர் வேலைக்கும் ஒரு பூச்சு உண்டு. ஒவ்வொரு பூச்சுக்கும் அடியிலே அவர் ஒருவரே அறிந்த ஓர் உள்ளிடம் உண்டு.

நாம் பிறர் செய்த வேலைகளின்மேல் நடந்து, உண்டு, உறங்கி வாழ்கிறோம். அவற்றுள் நாம் சோதித்தவை எத்தனை? எண்ணிப் பார்ப்பின் ஒன்றிரண்டு தேறுதலும் அரிது. மற்றவையெல்லாம் முகமறியாத எவரோ, எவரும் பாராத வேளையில், தராசில் சரியாக நிறுத்ததன் பயன். அக்கடனை அவர்களுக்குத் திருப்பிச் செலுத்த நம்மால் இயலாது. அடுத்தவர்க்குச் செலுத்த இயலும். நம் கையிலுள்ள வேலையிலேயே செலுத்தலாம்.