முகங் கொடுத்தோர்

1871ஆம் ஆண்டு மே 16ஆந் திகதி, பாரிஸ் நகரின் வெண்டோம் சதுக்கத்தில் நெப்போலியனின் வெற்றித் தூண் கயிறு கட்டி வீழ்த்தப்பட்டது. போர்வெறியின் சின்னமென அதனை இடிக்கப் பணித்தது, அவ்வாண்டு மார்ச்சில் உதயமான பாரிஸ் கொம்யூன். இத்தூணின் அடியில் தொழிலாளரும் தேசியக் காவற்படையினரும் கூடி நிற்கும் புகைப்படங்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அவற்றை எடுத்தோருள் முதன்மையானவர் புரூனோ பிராக்கே.

1823இல் தியெப் நகரிற் பிறந்த பிராக்கே செவிப்புலனற்றவர். கல்லச்சுத் தொழில் செய்து, பின்னர் புகைப்படத் துறைக்கு வந்தவர். அந்நாளில் ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டிலேயே படம் பதியும். எதிரே நிற்போர் சில விநாடிகளாவது அசையாதிருத்தல் வேண்டும். எனவே இம்முகங்கள் களவாக எடுக்கப்பட்டவையல்ல. வரலாற்றில் முகமற்றிருந்த மனிதர் தாமாகவே வந்து, மூச்சடக்கி நின்று தந்தவை.

மே மாத இறுதியில் வெர்சேய்ப் படைகள் கொம்யூனை இரத்தத்தில் மூழ்கடித்தன. பின்னர் இதே படங்களைக் கொண்டு பொலிசார் ஆட்களை அடையாளங் கண்டனர்.

பிராக்கே குற்றவாளியா?

கருவிக்குக் கட்சியில்லை என்போர் உளர். நாம் அதனை ஏற்கோம். அதே ஆண்டில் யூஜின் அப்பேர் என்பவர், கூலிக்கு அமர்த்திய நடிகரின் உடல்களிற் பிறர் தலைகளை வெட்டி ஒட்டிக் ‘கொம்யூனின் குற்றங்கள்’ எனப் படம் புனைந்து விற்றார். கருவி ஒன்றே, நின்ற பக்கம் வேறு. ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சுகிறது. அப்பேரின் பொய் மக்களைத் தூற்றியது. பிராக்கேயின் மெய்யோ மக்களைக் காட்டிக்கொடுத்தது. நல்லெண்ணம் மட்டும் போதுமாயின் இது நேர்ந்திராது. (பிராக்கேயும் படங்களை விற்றே வாழ்ந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை, விற்ற படம் எவர் கையையும் சேரும்.)

எனினும் முழுப் பழியையும் அவர்மேற் சுமத்துவது, படத்தில் நின்றோரை ஏமாளிகளாக்குவதாகும். நகரின் வெளியே பகைவரின் பீரங்கிகள் முழங்குவதைக் கேட்டுக்கொண்டே அவர்கள் நின்றனர். காணப்பட வேண்டுமென்பது அவர்தம் விருப்பம். ஆனால், தோழனின் கருவிக்குக் கொடுத்த முகத்தை நீதிமன்றத்துக்கும் கொடுத்ததாகக் கொள்ளலாமா? அந்த இசைவை அவர்களிடம் எவருங் கேட்கவில்லை. பிராக்கே துரோகியல்லர், ஆனால் கடனாளி என்றே நாம் கருதுகிறோம். அக்கடனுக்கு அஞ்சி அவர் கருவியை மூடியிருப்பின், அப்பேரின் படங்களே இன்று நமக்குச் சான்றாகியிருக்கும்.

1875இல் பிராக்கே மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில் தூணின் உச்சியில் நெப்போலியனின் சிலை மீண்டும் ஏற்றப்பட்டது.