ஓய்ந்த தறியின் சொந்தக்காரர்

பழைய கருவிகளைத் தேடிச் சேர்ப்பது இப்போது ஓர் அந்தஸ்தாகிவிட்டது. தபால்தலை சேர்ப்பவரைக் கண்டு நாம் சிரிப்பதில்லை. கொல்லனின் துருத்தியையும் ஆலையின் இரும்புச் சக்கரத்தையும் சேர்ப்பவரைக் கண்டு மட்டும் ஏன் சிரிக்க வேண்டும்? சிரிக்க வேண்டாம். ஆனால் தபால்தலை யாருக்கும் சோறு போட்டதில்லை, கருவி போட்டது. அதை விலைக்கு வாங்குகிறவர் எதை வாங்குகிறார்?

ஆரணிப் பக்கத்துப் பெரணமல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு நெசவு ஊர். இந்தப் பக்கத்துக் கைத்தறிகளின் தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். 1804-இல் பிரெஞ்சுக்காரர் ஜோசப் மாரி ஜக்கார்டு உருவாக்கிய யந்திரத்தின் வம்சம் அது. துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோத்துத் தொங்கும். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி எழும்பும், பாவிழையும் கூடவே எழும்பும். துளை இல்லையென்றால் கொக்கி விலகிக்கொள்ளும். மயிலும் மாங்காயும் இப்படித்தான் சேலையில் பிறக்கின்றன. 1830-களில் சார்லஸ் பாபேஜ் தம்முடைய கணக்கு யந்திரத்துக்கு இந்த அட்டையைத்தான் யோசித்தார். கம்ப்யூட்டரின் பாட்டி நம் ஊர்க் கூரைக்கடியில் தூசி படிந்து நிற்கிறாள் என்றால் சேகரிப்பாளருக்கு நாக்கில் ஜலம் ஊறாதா?

எலெக்ட்ரானிக் பெட்டி வந்தால் பழையது இறங்குகிறது. மரம் அடுப்புக்கு, இரும்பு எடைக்கு. ஆகவே வாங்குவது பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெசவாளிக்கும் நாம் கற்பனை செய்கிற உருக்கமெல்லாம் கிடையாது. ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைப்பார். உளுத்துப்போன கட்டையில் வெந்நீர் போட்டுவிடுவார். அவர் கும்பிடுவது ஓடுகிற தறியை.

என் சண்டை வேறு. கூடத்துச் சுவரில் ஒரு நாடாவை மாட்டி வைத்து, “என்ன பளபளப்பு, பார்த்தீர்களா!” என்கிறார்கள். வாஸ்தவம், பளபளப்புத்தான். வார்னிஷ் அல்ல, உள்ளங்கை வியர்வை. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு ஆயுள் முழுதும் குனிந்த முதுகு ஒன்று அதன் பின்னால் இருக்கிறது. சில சமயம் ஒரு பையனும் இருக்கிறான். ஜக்கார்டு வருவதற்கு முன் சித்திரத் தறிகளில் கயிறு இழுத்துக்கொடுக்க ஒரு பையன் வேண்டும். அந்த யந்திரம் அவனை விடுவித்தது. நம் பக்கத்துக் கோர்வைச் சேலைக்கோ, அதற்குப் பிறகும் கரையோரம் துணைக்கு உட்கார ஓர் ஆள் தேவைப்பட்டது. வெகுகாலம் அது பள்ளிக்கூடம் போகாத சிறுவனாகவே இருந்தான். அழகு என்று சொல்கிறவர் அவனையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு இந்தப் பைத்தியத்தில் எல்லாரையும் மிஞ்சினவர். 1929-இல் அவர் திறந்த அருங்காட்சிக் கிராமத்துக்கு எடிசனின் ஆய்வுக்கூடத்தையே கொண்டுவந்தார். அந்த இடத்து மண்ணைக்கூட விடவில்லை! கைத்தொழில் உலகத்தைக் கலைத்ததில் பெரும் பங்கு இவருடைய தொழிற்சாலைக்கு உண்டு. கொன்றவரே பாடை கட்டுகிறார் என்று பேசலாம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அங்கே பட்டறைகளில் வேலை தெரிந்த ஆட்கள் செய்து காட்டுகிறார்கள். கருவியோடு கையும் இருக்கிறது.

நம்மவர்கள் கையை விட்டுவிட்டுக் கட்டையை மட்டும் தூக்கிவருகிறார்கள். பழைய இரும்புக்காரர் கொடுக்கும் விலையையே கொடுத்துவிட்டு, பட்டணத்தில் அதைப் ‘பொக்கிஷம்’ என்பது என்ன நியாயம்? விலையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கட்டும். இரண்டு நாள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, எத்தனை அட்டை, எந்தச் சேலைக்கு, யார் ஓட்டினார் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அட்டைகளின் வரிசை கலைந்துவிட்டால் மயிலின் வாலில் மாங்காய் முளைத்துவிடும். அதைச் சரியாகக் கோக்கத் தெரிந்தவர் அதே தெருவில்தான் இருப்பார்.