ஏஜெண்டுக்கு எழுதத் தெரியாத விண்ணப்பம்

"வெளிநாட்டுல டாக்டருக்குப் படிக்கப் போறேன்" என்று நல்லூர் பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்லிப் பார். நாலு பேர் சிரிப்பார்கள். ஒருவர் அறிவுரை சொல்வார். இன்னொருவர், விருத்தாசலத்தில் தனக்குத் தெரிந்த ஏஜெண்டின் நம்பரைக் கொடுப்பார். சிரிப்பவர்களால் உனக்கு ஆபத்தில்லை. அந்த நம்பரில்தான் ஆபத்து.

தம்பிக்கும் தங்கச்சிக்கும் சேர்த்தே சொல்கிறேன். "உன்னால் முடியும்" என்று முதுகில் தட்டி அனுப்ப நான் வரவில்லை. அதைச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நீ சேரப்போகும் கல்லூரியின் விதிமுறைகளை நீயே உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாயா? படித்திருந்தால் உனக்குத் தன்னம்பிக்கை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் உன்னிடம் இருப்பது ஆசை மட்டும்தான். ஆசையை விலை பேசி வாங்க ஆள் வரிசையில் நிற்கிறது.

ஒரு மனிதரைச் சொல்கிறேன். எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் பீமாவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தோற்றார். மூன்றாவது தடவை சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை அரங்குக்கும் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். மற்ற பாடங்களில் நன்றாகச் செய்தும், எம்.பி.பி.எஸ். என்ற முழுப் பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். என்ற அரைப் பட்டம்தான் கையில் வந்தது. அரசு மருத்துவப் பணியும் கிடைக்கவில்லை. ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த அரைப் பட்டத்தோடுதான் 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் போய் இறங்கினார், ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க. மாமனார் கொடுத்த பணமும் ஓர் அறக்கட்டளை தந்த உதவியும்தான் கையிருப்பு. அவருடைய பட்டத்துக்கு அங்கே டாக்டர் வேலை கிடைக்காது. என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் இரவு வேலைக்குப் போனார். நோயாளிகளின் மலச்சட்டியைக் கழுவும் வேலை. பகலில் வகுப்பு.

1925-இல் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டுபிடித்தார். உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை அதுதான். தசைக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யை உடலில் கண்டு சொன்னவர்களில் அவரும் ஒருவர். அப்படியிருந்தும் ஹார்வர்ட் அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940-இல் லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், ரத்தப் புற்றுநோய்க்கான ஆரம்பகால மருந்துகளும், யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் அவர் தலைமையில் அங்கே நடந்த வேலைகள். 1948-இல் இறந்தார்.

யானைக்கால் என்றதும் உனக்கு உறைக்க வேண்டும். நம் கடலூர் மாவட்டம் அந்த நோயால் பட்டது கொஞ்சமா? 1990-களிலிருந்து சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து, கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்த மாத்திரை டி.இ.சி. உன் பாட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியிருப்பார். அரைப் பட்டத்தோடு கடல் தாண்டியவர் பொறுப்பில் உருவான மருந்து நல்லூர்த் தெருவுக்கே வந்து சேர்ந்தது. ஒரு தேர்வு, ஒரு பட்டம், ஒரு பேராசிரியரின் கோபம், இதையெல்லாம் கடைசித் தீர்ப்பென்று அவர் எடுத்துக்கொண்டிருந்தால்?

நீட் எழுதித் தகுதியும் பெற்று, அரசு சீட் கைக்கு எட்டாமல் போனவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். தகுதி பெற்றவர்களின் எண்ணிக்கைக்கும் இருக்கிற இடங்களுக்கும் சம்பந்தமே இல்லை. இடம் குறைவாக இருப்பதால் நின்றுபோனவனை "தோற்றவன்" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. உனக்கே கிடையாது!

சரி, இப்போது அந்த ஏஜெண்டின் ஆபீசுக்குள் போவோம். ஏசி ஓடும். வழவழப்பான காகிதத்தில் ஒரு நோட்டீஸ் கைக்கு வரும். "உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி" என்பது முதல் வரி. எழுந்து நின்று கேள்: "சார், அந்த நிறுவனம் மருத்துவக் கல்லூரி எதற்கும் அங்கீகாரம் தருவதே இல்லையே?" உண்மை அதுதான். உலக மருத்துவக் கல்லூரிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் பெயர் இருப்பதற்கு அர்த்தம், அப்படி ஒரு கல்லூரி இருக்கிறது என்பது மட்டும்தான். "இந்திய மெஸ் உண்டு" என்பது இரண்டாவது வரி. சாம்பார் கிடைக்குமா என்று கேட்கவா நிலப் பத்திரத்தை அடகு வைக்கிறோம்?

நோட்டீஸில் இல்லாத வரிகளைத்தான் நீ தேட வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பரில் வெளியிட்ட விதிகளைப் பார். படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சி மருத்துவம், அதுவும் அதே வெளிநாட்டுக் கல்லூரியில். பாடமொழி ஆங்கிலம். படித்து முடித்தால் அந்த நாட்டிலேயே டாக்டராகப் பதிவு செய்ய அனுமதி கிடைக்கிற பட்டமாக இருக்க வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து பத்து ஆண்டுக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். திரும்பி வந்த பிறகு இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. நீட் தகுதி இல்லாமல் 2018-க்குப் பிறகு விமானம் ஏறியவருக்கு இங்கே பதிவே கிடையாது. 54 என்ற அந்த எண்ணைக் கண்ணில் ஒத்திக்கொள். 48 மாதப் பாடத்திட்டத்துக்கு முன்னால் வேறு ஒரு அடிப்படைப் படிப்பை ஒட்டவைத்து, "மொத்தம் ஆறு வருஷம், கவலைப்படாதீங்க" என்று சொல்லித்தான் எத்தனையோ பிள்ளைகளை ஏற்றி அனுப்பினார்கள்.

மொழியையும் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்தில் பாடம் எடுக்கலாம். வார்டில் படுத்திருக்கும் ரஷ்யக் கிழவி தன் வயிற்றெரிச்சலை ஆங்கிலத்தில் சொல்ல மாட்டாள். அந்த ஊர் மொழியைக் கற்காதவன் அங்கே ஆறு வருஷம் இருந்தாலும் நோயாளியைத் தொட்டுப் படித்தவன் ஆக மாட்டான்.

அதன் விளைவு ஊர் திரும்பியதும் தெரியும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இங்கே நடக்கும் எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 300 கேள்விகள். 150 வாங்கினால் போதும், தப்புக்கு மார்க் குறைப்பதும் இல்லை. அப்படி இருந்தும் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் தேறுவதில்லை. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் போய்க் கேள்: ஒரே ஒரு தடவை சுட்டு எடுத்த மண்சாமான் தண்ணீரை உறிஞ்சும், மேல்பூச்சுக் கொடுத்து மறுபடியும் சூளையில் வைத்தால்தான் பளபளக்கும். பட்டம் முதல் சூடு. இந்தத் தேர்வு இரண்டாவது சூடு. அதற்கான படிப்பை ஊர் திரும்பிய பிறகு தொடங்குவேன் என்பவனை நான் தைரியசாலி என்று சொல்ல மாட்டேன். முதல் வருஷ அனாடமி வகுப்பிலேயே தொடங்கு!

இன்னும் பெரிய கதவைத் தட்டப் போகிறாயா? தாராளமாகத் தட்டு. அமெரிக்காவில் மருத்துவம் படிக்க முதலில் ஒரு பட்டம் வேண்டும், பிறகு எம்கேட் தேர்வு. அந்த நாட்டுக் கல்லூரியில் ஒரு வருஷமாவது படித்திருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கவே சேர்க்காத கல்லூரிகளும் நிறைய. சில கல்லூரிகள் பல வருஷக் கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் போட்டுக் காட்டச் சொல்லும். இங்கிலாந்தில் அக்டோபர் 15-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், நாலே நாலு மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் போட முடியும். அங்கே வெளிநாட்டவருக்கு ஒதுக்கியிருப்பது சுமார் 7.5 சதவீத இடம். நம் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் தந்த உள்ஒதுக்கீடும் அதே 7.5 சதவீதம்தான். எண்களுக்கும் குறும்பு உண்டு போலிருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவன் நீ என்றால், லண்டனுக்கு முன்னால் அந்த வரிசையில் உனக்கு இடம் இருக்கிறதா என்று பார்.

இந்த வெளிநாட்டு விண்ணப்பங்களில் ஒரு பகுதி வரும்: ஏன் டாக்டராக விரும்புகிறாய் என்று நீயே எழுதித் தர வேண்டும். ஏஜெண்ட் கையில் ஒரு ரெடிமேட் தாள் வைத்திருப்பார். "சிறு வயது முதலே ஸ்டெதஸ்கோப் மீது எனக்குத் தீராத காதல்." கிழித்துப் போடு! இதே தாள் மதுரையிலிருந்தும் போகிறது, மீரட்டிலிருந்தும் போகிறது. உன்னிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது. அந்தப் பீங்கான் தொழிற்பேட்டையில், களிமண்ணையும் கல்பொடியையும் அரைக்கும் கூடத்தில் நாள் முழுக்க நிற்பவர்களின் நுரையீரலில் சிலிக்கா தூசி என்ன செய்கிறது என்று உன் அத்தையோ சித்தப்பாவோ இருமும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பாய். அந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். ஒருமுறை வந்தால் ஆற்ற முடியாது, தடுக்கத்தான் முடியும். மூக்கில் கட்டிய துண்டு ஏன் போதாது என்பதை எழுது. தண்ணீர் தெளித்து ஈரமாக அரைத்தால் தூசி ஏன் குறைகிறது என்பதை எழுது. மண்ணில் பிறக்கும் ஒரு தொழிலின் நோயை அறிந்தவனாக நீ எழுதும் ஒரு பக்கத்தைத் தேர்வுக்குழு நின்று படிக்கும். பெரிய ஆங்கிலம் வேண்டாம், உன் ஆங்கிலம் போதும்.

வீட்டில் பணக் கணக்கையும் நீயே பேசு. அப்பாவை ஏஜெண்ட் முன்னால் தனியாக உட்கார வைக்காதே. கல்விக் கட்டணம், விடுதி, விசா, டிக்கெட், காப்பீடு, ஆறு வருஷமும் ரூபாயின் மதிப்பு சரியும் என்ற பயம், திரும்பி வந்து தேர்வுக்குப் படிக்கும் காலத்துச் சாப்பாடு, எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதி, கூட்டுத்தொகைக்குக் கீழே கோடு போட்டு அம்மாவிடம் காட்டு. அந்தத் தொகையைப் பார்த்து "இந்த வருஷம் வேண்டாம், மறுபடி நீட் எழுதுகிறேன்" என்று நீ முடிவு செய்தால் அதுவும் வீரம்தான். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் குண்டு விழுந்தபோது, பாதிப் படிப்போடு ஊர் திரும்பிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். போர் வருமென்று யாருக்கும் தெரியாதுதான். ஆனால் கையிருப்பு முழுவதையும் முதல் வருஷத்திலேயே கட்டிவிட்ட குடும்பங்களுக்குத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

முதல் வேலையை இன்றைக்கே செய். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார், பாஸ்போர்ட், நான்கையும் பாயில் பரப்பிப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், ஒன்றில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வரும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது. பாஸ்போர்ட்டில் இருப்பதை மாற்றாமல் அப்படியே எல்லா இடத்திலும் நிரப்பு. தாள்களில் வேறுபாடு இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்தி வாங்கு, திருத்த மாதக்கணக்கில் ஆகும். அந்த வேலையை ஏஜெண்டிடம் விட்டால், யாரோ ஒருவன் அவசரத்தில் தட்டிய எழுத்துப்பிழை ஆறு வருஷம் கழித்து உன் டாக்டர் பட்டத்தின் மேல் வந்து நிற்கும்.